படியேறாத நாய்

என் கணவர் நெவில் ஐந்து வாரங்களாகக் கூடத்து சோபாவில்தான் படுக்கிறார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் நாய் ஒன்றை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார், அவ்வளவுதான். பெயர் டியூக். பிறந்ததிலிருந்து கொட்டடியிலும் பந்தயத் தடத்திலுமே வளர்ந்த நாய். மாடிப்படி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கீழே தனியாக விட்டால் ஊளையிடும். அதனால் நாய்க்குத் துணை இவர். எனக்குத் துணை வெந்நீர்ப் பை.

பிடிக்காவிட்டால் ஆறு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை திருப்புவது என்று நான் முடிவு செய்தேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

"சரி கண்ணு, உன் இஷ்டம்," என்றார் நெவில். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, தீவுக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வந்துருவோம். பாவம், அது கடலையே பாத்ததில்ல."

எங்கள் ஊரான பெரிக்கில் பிறந்தவர்களுக்கு லிண்டிஸ்ஃபார்ன் தீவு கொல்லைப்புறம் மாதிரி. தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினம் இரண்டு தடவை மூடும். எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்று சாலை முனையில் பலகை இருக்கும். வருடாவருடம் வெளியூர்க்காரர்கள் சிலர் அதைப் பார்க்காமல் காரோடு மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அன்றைக்குக் கெடு மூன்றரை மணி.

தீவிலிருக்கும் கோட்டைக்கு ஏறும் சரிவில் டியூக் இளவரசன் போல நடந்தது. மேலே படிகள் வந்ததும் சிலையாகிவிட்டது. நெவில் மட்டும் உள்ளே போனார். காற்று ஆளைத் தள்ளியது. நாய் என் தொடையில் தன் முப்பது கிலோவையும் சாய்த்துக்கொண்டு நின்றது. நகரு என்றேன். அது நகரவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நகரவில்லை.

திரும்பி வந்தபோது கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. நெவிலின் கைக்கடிகாரத்தில் மூன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

"பாத்தியா, இன்னும் நாப்பது நிமிஷம் கெடக்கு. அதுக்குள்ள அத்தனை பேரும் ஓடிட்டாங்க. பயந்தாங்கொள்ளிங்க!" என்றேன் நான். ஆமாம், நான்தான் சொன்னேன்.

பாதிச் சாலையில் போகும்போது காரின் ரேடியோ பேசியது. "நேரம் நான்கு மணி. செய்திகள்."

அன்றைக்கு மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. அந்த நாளில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். எங்கள் வீட்டில் அது நெவிலின் வேலை.

"ஏன் மனுஷா, தள்ளி வெச்சியா இல்லையா?"

"ராத்திரி பூரா டியூக் என்னைத் தூங்கவே விடலியா, அப்படியே..."

"வாயில்லா ஜீவன் மேல பழி போடாத!"

வழியிலுள்ள பாலத்தருகே தண்ணீர் சக்கரத்தை மூடியது. கார் இருமிவிட்டு நின்றது. அங்கே உயரமான கால்கள் மேல் நிற்கும் வெள்ளைக் குடிசை ஒன்று உண்டு, கடலில் மாட்டிக்கொள்ளும் எங்களைப் போன்ற அதிபுத்திசாலிகளுக்காகக் கட்டியது. செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். மூட்டு வலிக்காரரான நெவிலை முதலில் மேலே அனுப்பினேன். டியூக் முதல் படிக்கு முன்னால் நின்றுவிட்டது. மேலிருந்து அவர் வாரை இழுக்க, அது பின்னால் இழுக்க, கழுத்துப்பட்டை காதுவரை வந்துவிட்டது. கழன்றால் நேரே கடலுக்குள் ஓடிவிடும்.

பாதிப் படியில் நின்றிருந்தேன். 'எப்படியும் நாளைக்கு நம்முடையது இல்லையே' என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"இழுக்காத! விடு!" என்று கத்திவிட்டு இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு வந்தது. குளிரில் மூச்சே நின்றது. அவன் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி முதல் படியில் வைத்தேன். பிறகு மற்றது. பின்னால் தோளைக் கொடுத்து முட்டினேன். "ஏறுடா, திருட்டுப் பயலே. ஊரு பூரா ஓடி ஜெயிச்சவன் இதுக்கா பயப்படுற? இந்தா, இன்னொண்ணு. என் தங்கம்ல." ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு படியாக ஏறினோம். மேலே சேர்ந்ததும் அவன் என் மேல் சாய்ந்தான். நான் அழுதேன். நெவில் ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் மீட்புப் படகு வந்தது. ஏறி வந்த இளைஞன் எங்களை உற்றுப் பார்த்தான்.

"அட, நீங்க பெரிக் ஊர்க்காரங்கதானே? வெக்கமா இல்ல?"

"நெறைய இருக்கு. கூட்டிட்டுப் போ."

"சரி, மொதல்ல நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க. நாயை அப்புறம் பாக்கலாம்."

எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, அவனுக்கு ஏறத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன், இறங்க இன்னும் சொல்லிக் குடுக்கல. அதனால அவனைத் தூக்கிக்கோ. மொதல்ல அவன். அப்புறம் நான். கடிகாரம் கட்டின மனுஷன் கடைசி."