வேளாவும் உழுவையும்

அருவியாற்று வெள்ளம் வந்து கலந்தால், சிலாவத்துறைக் கரையோரம் அரை மைல் தூரத்துக்குக் கடல் பால் விட்ட தேத்தண்ணிபோலக் கிடக்கும். இடுப்பளவில் நிற்பவனுக்குத் தன் முழங்காலே தெரியாது. அப்படியொரு தண்ணீரில்தான், தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிய வருஷம், தாவூது ஒரு பிழை விட்டான்.

கலங்கலுக்கு மேலே ஒரு மீனின் முதுகுச் செட்டைகள் இரண்டு தெரிந்தன. உழுவைக்கும் அப்படி இரண்டு இருக்கும், வேளாவுக்கும் இருக்கும். உழுவை சாதுவான மீன். வேளாவின் மூக்கோ இரண்டு பக்கமும் பல் வைத்த வாள். "உழுவைதான், வாலைப் பிடி" என்றான் தாவூது. அவனுடைய மச்சான் சனூன் நம்பிக் கையை வைத்தான். வேளா ஒரே ஒரு தரம் திரும்பியது. மன்னார் ஆஸ்பத்திரியில் சனூனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சனூன் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அவனுடைய தங்கச்சி, தாவூதின் மனைவி உம்மு ஸல்மா, அல்லாஹ் நாடினது நடந்தது என்றாள்.

"பாக்காமச் சொன்னது நான். அதை அல்லாஹ்வில போடமாட்டன்" என்றான் தாவூது.

அடுத்த நாளே ஆழமில்லாத வற்றுக்கடலில் இரண்டு மரக்கம்புகளை நட்டு, குறுக்கே ஒரு தடி கட்டி ஏறிக் குந்தினான். வெள்ளம் தெளியும்வரை தினமும் விடியலிலிருந்து நடுப்பகல் லுஹர் தொழுகைவரை அங்கேதான். கடலுக்குக் காவல் இருக்கிறான் என்று கரையில் சிரித்தார்கள். கண் எரிந்தது, முதுகுத் தோல் உரிந்தது. முதல் மாதம் முழுக்க எது எந்த மீன் என்று ஒன்றும் பிடிபடவில்லை. செட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது பிழை என்று பிறகுதான் விளங்கியது. பார்க்கவேண்டியது சுற்றியுள்ள தண்ணீரை. உழுவை மண்ணில் படுத்து மேயும். சேறு ஒரே இடத்தில் கிளம்பி அடங்கும். வேளா வாளை இடமும் வலமுமாக வீசும். சேறு இரண்டு பக்கமும் எழும்பும், மணலை மீன் குஞ்சுகள் இரண்டு பக்கமும் தெறிக்கும். கண்டதை அவன் உடனே நம்பவில்லை. அடுத்த வருஷ வெள்ளத்திலும் குந்தியிருந்து, ஒவ்வொரு தரமும் சரிவந்த பிறகே கீழே இறங்கினான்.

அந்த மாசிக் கடைசியில் வலை முதலாளி சாஹுல் ஹமீட் சம்மாட்டியாரின் கரைவலையில் வேலைக்கு நின்றான். வலை கரையை நெருங்க, எட்டுப் பேர் தண்ணீருக்குள் நின்று அதன் அடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலைக்குள்ளே இரண்டு செட்டைகள். மணலைகள் இடமும் வலமும் பாய்ந்தன. தாவூது சம்மாட்டியாரைப் பார்த்துக் கத்தினான்.

"சம்மாட்டியார், வலைக்குள்ள வேளா நிக்குது. ஆக்களைக் கரைக்கு எடுங்கோ."

உழுவைக்குப் பயந்து வலையை விடுவதோ என்று கேட்டார் சம்மாட்டியார். இழுக்கச் சொன்னார். தாவூது இரண்டாந்தரம் சொன்னான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் மூன்றாந்தரம் சொல்லவில்லை. இடுப்புக் கத்தியை எடுத்து இழுகயிற்றை வெட்டினான்.

வலை தொய்ந்தது. ஒரு பாடு மீன், அந்த இழுப்பில் அகப்பட்டது முழுவதும், வெளியேறியது. எட்டுப் பேரும் அவனை ஏசிக்கொண்டே கரைக்கு நடந்தார்கள். கடைசி ஆள் முழங்கால் தண்ணீருக்கு வந்திருப்பான், பின்னால் கடல் உடைந்ததுபோல ஒரு சத்தம். ஓராள் நீளமுள்ள வாள் சேற்றுத் தண்ணீரைக் கிழித்து எழும்பி, அவர்கள் நின்ற இடத்தில் வலையைத் துண்டுதுண்டாக அறுத்தது.

சம்மாட்டியார் வந்து வெட்டுண்ட கயிற்று முனையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நீ சொன்னது சரிதான் தாவூது. ஆனா கயிறு வெட்டினவனை நான் வைச்சிருக்கேலாது" என்றார். தாவூது கத்தியை உறையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்று அவனுக்கு நல்ல பசி.

அடுத்த வெள்ளத்துக்குச் சம்மாட்டியாரே அவனை வேலைக்குக் கூப்பிட வீடு தேடி வந்தார். ஒரேயொரு நிபந்தனைதான், தாவூது வாசலிலேயே சொல்லிவிட்டான்: தான் நிறுத்து என்றால் வலை நிற்கவேண்டும். அவர் கொஞ்சம் யோசித்து, ஓம் என்றார்.