வேதமுத்து காட்டிய இடம்

தான் மீன் பிடிக்கும் இடத்தை உள்ளபடி சொன்ன மீனவன் மாரியூர்ப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. வேதமுத்து மட்டும் என்ன விதிவிலக்கா? மீன் வந்து அடையட்டும் என்று ஆறு வருஷமாகப் பனங்கட்டைகளையும் உடைந்த சிமெண்ட் குழாய்களையும் படகில் கொண்டுபோய்க் கடலில் ஓரிடத்தில் இறக்கியிருந்தார். களவாய் மீனும் விளமீனும் அங்கே குடித்தனம் நடத்தின. ஜிபிஎஸ்ஸில் பதிந்து வைத்தால் மச்சினன் ரூபஸ் நோண்டிப் பார்த்துவிடுவான் என்று, கோயில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் அடையாளம் வைத்தே போய் வந்தார்.

சிங்கப்பூரிலிருந்து கடலடியில் வரும் இன்டர்நெட் கேபிள் அந்தக் கரையில் ஏறுவதென்று முடிவானது. யார் பிழைப்பும் கெடக் கூடாதென்று, கேபிள் கம்பெனி ஜோதிகா என்ற அதிகாரியை அனுப்பி மீன்பிடி இடங்களை விசாரித்தது. கோயில் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. வேதமுத்து தன் முறை வந்ததும், வாய் கூசாமல், தெற்கே மூன்று மைல் தள்ளி வெறும் சேற்றைத் தன் இடமென்று காட்டினார்.

இரண்டு மாதம் கழித்துக் கூடத்துச் சுவரில் வரைபடம் தொங்கியது.

"நீங்க சொன்ன எல்லா இடத்தையும் ஒதுக்கிட்டுத்தான் கேபிள் போகுது," என்றாள் ஜோதிகா. சிவப்புக் கோடு நேராக அவருடைய பனங்கட்டைகளின் மேல் ஓடியது. கேபிளைப் புதைக்க ஓர் இயந்திரம் கடல் தரையை உழுதுகொண்டே போகுமாம்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி யாகப்பம்மாள் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"போயி உண்மையச் சொல்லுங்க. அந்தப் புள்ள மாத்திக் குடுக்கும்."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சுபோகும்டி."

"சொல்லாட்டி மிசினு உழுதுட்டுப் போயிரும். எது தேவல?"

மறுநாள் மத்தியானம் வரைபடம் கப்பலுக்குப் போய்விடும். காலையிலேயே கூடத்துக்குப் போனார். கேபிள் கப்பலுக்குக் காவலாகப் படகு ஓட்டும் வேலைக்குப் பெயர் கொடுக்க ரூபஸும் இன்னும் ஆறு பேரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். வேதமுத்து ஜோதிகாவின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார்.

"ஊரார் முன்னாடி குறிச்சாத்தான் செல்லும் ஐயா. அன்னைக்குக் கூட்டத்துல அப்படித்தானே பேசினோம்?"

பேனாவை வாங்கி வரைபடத்தில் குறித்தார். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஜோதிகா அவருக்கு நன்றி சொன்னாள். கோடு அரை மைல் விலகியது.

அடுத்த நாள் விடியலில் அவர் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏழு படகுகள் நின்றன. ஏழிலும் களவாய் துள்ளியது.

"கோவிச்சுக்கிடாதீக மச்சான்!" ரூபஸ் கையை ஆட்டினான். "இப்பிடி ஒரு எடத்த இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்தீகளே!"

வேதமுத்துவுக்கு அழுகை வந்தது. எஞ்சினை அணைத்தார். "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று கேட்டு, எட்டாவது ஆளாகத் தூண்டிலை இறக்கினார்.