டிரைவர் பக்கத்துக் கதவு

தேர்தலை அதிபர் இரண்டாவது முறையாகத் தள்ளிவைத்ததிலிருந்தே, "இனி ராணுவந்தான் வரும் பாருங்க" என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் பேசத் தொடங்கிவிட்டார்கள். டிரைவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வீட்டிலேயே ஒரு ராணுவக்காரன் உண்டு. மனைவியின் தம்பி. லீவில் வந்தால் அக்கா சமைத்ததை வழித்துத் தின்றுவிட்டுக் குறட்டை விடுகிறவன். அவனைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

புதன்கிழமை காலை அதிபர் ரேடியோவில் அறிவித்தார்: நாடு முழுவதும் ராணுவச் சட்டம். ஆனாலும் டிப்போவில் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார்.

நாடாளுமன்றத்துக்கு எதிரே சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை வாசலுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிறுத்த வேண்டுமாம். சொல்ல வந்தவன் மச்சான்.

"மாமா, நீங்களா?" அவன் முகம் வெளிறியது. "கேள்வி கேக்காம நிறுத்துங்க. கேப்டன் பாத்துட்டிருக்கார்."

"எதுக்குடா இது?"

"எம்.பி.ங்க உள்ள போய் ஓட்டுப் போட்டா இந்தச் சட்டம் செல்லாதாம். போக விடக் கூடாதுன்னு உத்தரவு. நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன்."

டிரைவர் நிறுத்தினார். பயணிகள் ஏறும் கதவு தெருவைப் பார்த்திருந்தது. அவருடைய சின்னக் கதவு வாசலைப் பார்த்திருந்தது. பஸ்ஸின் இரு முனைகளிலும் சிப்பாய்கள் நின்றார்கள். தெருப் பக்கத்துக் கதவுக்கு மச்சானைக் காவல் வைத்துவிட்டு, கேப்டன் பின்வாசலுக்குப் போனார்.

வந்து சேர்ந்த எம்.பி.க்கள் முட்டி மோதினார்கள். அவர்களில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, முன்முனைச் சந்தில் நுழையப் போனவர், நெட்டித் தள்ளப்பட்டுத் தார்ரோட்டில் விழுந்தார். முழங்கையில் ரத்தம். யாரும் தூக்கவில்லை. தானாகவே எழுந்து மறுபடி போனார், மறுபடி விழுந்தார்.

டிரைவரின் கை தன்னால் பொத்தானை அழுத்தியது. பயணிகள் கதவு புஸ்ஸென்று திறந்தது.

"ஏறுங்கம்மா. இந்தப் பக்கமா இறங்கிக்கலாம்."

"மாமா, கதவச் சாத்துங்க!" மச்சானின் துப்பாக்கி உயர்ந்தது.

டிரைவர் சொன்னார்: "ஏறினவங்கள இறக்கி விடறது என் வேலை மச்சான். எந்தப் பக்கம்னு நீ சொல்லாத."

மச்சான் அவரையே பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தாழ்த்தி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அந்த அம்மா ஏறினார். பின்னாலேயே மற்றவர்கள், ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு, ஸ்டீயரிங்கை உரசிச் சின்னக் கதவு வழியே உள்ளே குதித்தார்கள். தொந்திக்காரர் ஒருவர் கதவில் சிக்கிக்கொள்ள, டிரைவர் தோள் கொடுத்து முட்டித் தள்ளினார். முனைகளில் தள்ளுமுள்ளுவில் இருந்த சிப்பாய்கள் கவனித்து விசில் அடிப்பதற்குள் பெரும்பாலானவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

டிரைவரை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டு மிதித்தார்கள். தரையில் கிடந்தபடியே பார்த்தார்: மச்சானின் துப்பாக்கியைப் பிடுங்கி, பெல்ட்டை உருவி, லாரியில் ஏற்றினார்கள். அவன் திமிறவில்லை.

அன்று மாலையே ஓட்டெடுப்பில் சட்டம் ரத்தானது. பிடித்து வைத்திருந்த டிரைவரை வெளியே விட்டார்கள். தெருவெங்கும் ஜனங்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். விலா வலிக்கிறது என்று விலகி வந்துவிட்டார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவன் உங்கள அடிச்சானா?"

"இல்ல. திரும்பி நின்னுட்டான்."

"அடிச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பான்" என்றாள்.

மறுநாள் இருவரும் அவனை வைத்திருந்த ராணுவ முகாம் வாசலுக்குப் போனார்கள். அதிபர் இன்னும் மாளிகையில்தான் இருந்தார். ரேடியோவில் மறுபடி பேசப்போகிறாராம். காவல்காரன் அவர்கள் கொண்டுபோன துணிப்பையை வாங்கவில்லை.

"விசாரணை நடக்குது. எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது."

"உயிரோட இருக்கானா, அத மட்டும் சொல்லுப்பா."

காவல்காரனுக்கும் அவள் தம்பி வயதுதான் இருக்கும். அவன் சாலையைப் பார்த்தபடி நின்றான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் விலாவைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.