நாற்பதில் நின்ற முள்

ஏரம்பு ஊரை அதிகாரம் செய்யும் விதானையாரும் அல்லர், உடையாரும் அல்லர். ஆனால் கார் வாங்கிய நாளிலிருந்து, புதுக்குடியிருப்பில் அந்த இருவருக்கும் உரிய இருமல் அவருக்கு வந்துவிட்டது. போன மாதம் வாசிகசாலையில் மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசியவர், அங்கே போட்ட மாலையை வீடு வந்து படுக்கும்வரை கழற்றவில்லை.

இன்று அவருடைய காரின் பின்சீற்றில் மகள் அருந்ததி பிள்ளைப்பேற்று நோவில் கிடந்தாள். முன்னர் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள். "பிள்ளை குறுக்கை கிடக்குது. கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள்.

ஏரம்புதான் ஓட்டினார். விசுவமடு தாண்டியதும் வேகம் காட்டும் மீற்றர்க் கண்ணாடிக்குள் ஏதோ சிறகடித்தது. மண்கூடு கட்டுகிற குளவி, வேட்டைவாளியன். கூட்டங்களுக்கு மட்டும் வெளிக்கிடுகிற கார் அல்லவா? கொட்டிலில் சும்மா நின்ற நாட்களில் உள்ளே குடிபுகுந்திருக்கிறது.

மகளின் தலையை மடியில் வைத்திருந்த மனைவி இரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளை பிறக்கிற இடத்திலைதான் உது கூடு கட்டும். ஒண்டும் செய்துபோடாதேங்கோ!"

"விசர்க்கதை கதையாதை" என்றார் ஏரம்பு. ஆனால் கண்ணாடியைத் தட்டப்போன கையை இழுத்துக்கொண்டார்.

வழி தெரியாத குளவி வேக முள்ளுக்கு அடியில் புகுந்தது. முள்ளை நாற்பதுக்குத் தள்ளி, அங்கேயே இறுகிக்கொண்டது. முப்பதைத் தாண்டினால் கார் கவிழும் என்பது ஏரம்புவின் விஞ்ஞானம். காலைத் தளர்த்தினார். முள் அசையவில்லை. இன்னும் தளர்த்தினார்.

"ஐயா, கெதியாப் போங்கோ!" என்று அருந்ததி கத்தினாள்.

"நாப்பதிலை போறன் பிள்ளை. மீற்றர் பொய் சொல்லுமோ?"

விறகு ஏற்றிய மாட்டுவண்டியொன்று அவர்களை முந்தியது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, கார் பழுதோ? தள்ளிவிடட்டோ?"

"வேகமா வாற கார் தெரியேல்லையோ? விலத்தடா!"

வெயில் காட்டுக்குப் பின்னால் இறங்கியது. அருந்ததி இப்போது கத்தவில்லை. அதுதான் இரஞ்சிதத்துக்குப் பயமாக இருந்தது.

"இஞ்சேருங்கோ, கண்ணாடியை உடையுங்கோ."

"நீதானே தொடவேண்டாம் எண்டனி?"

"இப்ப நான்தான் சொல்லுறன்!"

"உந்தக் கண்ணாடி கொழும்பிலையிருந்தெல்லோ வரவேணும்..." என்றார். உடைக்கும்போது குளவி நசிந்து செத்துவிட்டால்? அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அருந்ததி பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினாள். தாயின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பறித்து, தகப்பனின் தோளுக்கு மேலால் ஓங்கி அடித்தாள்.

"அது செத்தாச் சாகட்டும் ஐயா! என்ரை பிள்ளை சாகப்போகுது!"

கண்ணாடி நொறுங்கியது. குளவி ஏரம்புவின் மூக்கில் வந்து குந்தியது. "ஐயோ!" என்று அலறி அதைக் கீழே தட்டிவிட்டவரின் கால், அதுவரை அழுத்தாத அளவுக்கு அழுத்தியது. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேலியில் பாய்ந்தார்கள். கார் என்ன வேகத்தில் போனது என்று சொல்ல முள் இல்லை. அது வளைந்து கிடந்தது.

ஆசுபத்திரியில் அருந்ததியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். ஏரம்பு காருக்குத் திரும்பினார். முழங்காலில் நின்று, சீற்றுக்கு அடியில் கைவிட்டுத் தடவினார். நெடுநேரம் தடவினார்.

கடைசியில் இரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பொடியன். வயித்தை வெட்டித்தான் எடுத்தவை. இரண்டு பேரும் சுகமாம்... நீங்கள் என்ன தேடுறியள்?"

"பேனை விழுந்திட்டுது."

பேனை அவருடைய சட்டைப் பையில் இருந்தது. இரஞ்சிதம் அதைப் பார்த்தாள். மற்றக் கதவைத் திறந்து, தானும் குனிந்து தேடத் தொடங்கினாள்.