சகலையின் நாலு மணி நேரம்

கைக்கடிகாரம் வாங்க சகலையைக் கூட்டிக்கொண்டு போனது லேத் பட்டறைக்காரர் செய்த முதல் தப்பு. மூத்த மாப்பிள்ளை என்ற மிதப்பில், கடைக்குள் கால் வைத்ததுமே சகலை ஆரம்பித்துவிட்டார்.

"நூறு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயமா? நீயா? போன ஞாயித்துக்கிழமை நான் நாப்பதை நாலே மணி நேரத்துல முடிச்சேன். நீ?"

அந்த நாலு மணி நேரத்தைக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றே போட்டுத் தம்பட்டமும் அடித்தாயிற்று. "நீங்க ஏன் மாப்பிள்ளை ஆமை மாதிரி ஓடுறீங்க?" என்று மாமியார் கேட்டது பட்டறைக்காரருக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"பதினாறு மணி நேரம் சார்ஜ் நிக்கணும்மா," என்றார் கடைக்காரப் பெண்ணிடம்.

"இந்த சார் கட்டியிருக்கறதே நிக்கும். குடுங்க சார், எவ்வளவு சார்ஜ் எடுத்திருக்குன்னு காட்டறேன்." சகலையின் கடிகாரத்தை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்தாள். "ஓடினது நாலு மணி நேரம். மொத்தம் ஏழு மணி நேரம்."

"அதெப்படி?" என்றார் பட்டறைக்காரர்.

"சார் நின்னா, நேரமும் தானா நிக்கற மாதிரி வெச்சிருக்கார். உட்கார்ந்த நேரம் சேராது."

சகலை அவசரமாகக் குறுக்கிட்டார். "தண்ணி குடிச்சேன்யா."

"மூணு மணி நேரமா?"

சகலை கடிகாரத்தைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் பட்டறைக்காரர் போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டார்.

"எனக்கு வாட்ச் அப்புறம் காட்டும்மா. முதல்ல இதை மாமியாருக்கு அனுப்பிடறேன்."