டெல்டா என்று சொல்வதற்கு

கட்டைவிரல் பட்டனை அழுத்தியிருந்தது, வாய் திறந்திருந்தது, நாக்கு மேல் ஈறில் போய் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. நான் சொல்ல வேண்டியிருந்தது ‘டெல்டா’ என்ற ஒரே ஒரு சொல். சமையலறைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பகுதியின் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடி, ஒருவர் பின் ஒருவராக, லைசென்ஸோடு தரப்பட்ட தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிப் பேசுகிற நேரம். இனி வராது என்று தெரிந்ததும் பட்டனை விட்டேன்.

உடனே ஃபோல்கெர்ட்டின் குரல் வந்தது. அவர்தான் எங்கள் சங்கத்தின் தலைவர். தொழிற்பள்ளியில் மின்சாரம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கைதான், வாய் இல்லை.

“வந்துடுச்சுப்பா நம்ம பேய். ஒரு வார்த்தை இல்ல, கடிகாரச் சத்தம் மட்டும். யாரோ வாக்கி டாக்கியை சோபாவில போட்டுட்டு அது மேலயே உக்காந்திருக்காங்க. மலிவு விலை சீன டப்பாவாத்தான் இருக்கும், பட்டன் சிக்கிக்கும். அந்தப் பின்பக்கம் யாரோடதுன்னு கண்டுபிடிக்கணும்.”

அடுத்துப் பேசியவர்கள் எல்லோரும் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். என் பின்பக்கம் எதன் மேலும் இல்லை.

திக்குவாய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஒரே எழுத்தைத் தட்டித் தட்டிப் பேசுவது. எனக்கு அப்படி இல்லை. எனக்கு அடைத்துக்கொள்ளும். சத்தமே வராது. எதிரில் இருப்பவர் நான் யோசிக்கிறேன் என்று நினைப்பார், பிறகு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார், பிறகு இரக்கப்பட்டு என் வாக்கியத்தை அவரே முடித்துவைப்பார். ரொட்டிக் கடையில் எட்டு பன் கேட்கப் போவேன். “ஆறா, ஓக்கோ?” என்று அந்த அம்மா எடுத்துப் பையில் போட்டுவிடுவார். தலையாட்டிவிட்டு வருவேன். நாற்பத்து நான்கு வயதாகிறது எனக்கு. இத்தனை வருடமாக நான் கேட்காத பன்னைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன்.

மாட்டுத்தீவனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே பேசத் தேவையில்லை. ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில், எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் பொதுவாகவே யாரும் அதிகம் பேசமாட்டார்கள். காலையோ மாலையோ ‘மோய்ன்’ என்று ஒரு வணக்கம், அதோடு சரி. அதனால் என் ஊமைத்தனம் ஊரோடு ஊராக மறைந்து கிடந்தது. ரேடியோ லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றபோது என் மனைவி கேஷெகூடக் கேட்டாள்: “உலகத்துல எத்தனை பொழுதுபோக்கு இருக்கு. மீன் பிடிக்கலாம். புறா வளர்க்கலாம். பேசுறதுக்குன்னே இருக்கிற ஒண்ணைப் போயி பிடிச்சிருக்கியே?”

அவளுக்கு எழுதித்தான் காட்டினேன். ரேடியோவில் அவரவர் அழைப்புக்குறியை அவரவர்தான் சொல்ல வேண்டும், சட்டம் அது. என் குறியை எனக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. நான் பட்டனை அழுத்தியிருக்கும் வரை குறுக்கே யார் பேசினாலும் என் காதில் விழாது. உலகத்தில் வேறெங்கே எனக்கு இப்படி ஓர் இடம் கிடைக்கும்? கேஷெ அதைப் படித்துவிட்டு, தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

பரீட்சையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை, சரியான விடைக்குக் குறி போட்டால் போதும். நன்றாகவே தேறினேன். பிறகு சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள்: நல்ல ஜப்பான் கருவி வாங்கு, கொஞ்சம் காசு சேர்த்தாவது வாங்கு. நான் மூன்று வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு வேண்டியது என்ன? எங்கள் ஊர்த் தண்ணீர்க் கோபுரத்தின் உச்சியில் சங்கத்தின் ரிப்பீட்டர் இருக்கிறது. நாம் மெல்லிதாகச் சொல்வதை வாங்கி மாவட்டம் முழுக்க உரக்கச் சொல்லும். அந்தக் கோபுரம் என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறது. நடுவில் புல்வெளியும் பசுக்களும்தான். அதுவரை எட்ட இருநூறு யூரோ எதற்கு? தண்ணீர் புகாதது, வண்ணத்திரை, செயற்கைக்கோளோடு பேசுவது, இதெல்லாம் பேச்சு வருகிறவர்களுக்கு. என்னால் பேச முடியுமா என்றே தெரியாத நிலையில், இருபத்தேழு யூரோவுக்கு வந்ததை வாங்கினேன். பேட்டரி போதும், பட்டன் கெட்டியாக இருக்கிறது, கணினியில் இணைத்து அலைவரிசைகளைப் பதியலாம். விமர்சனங்களில் எல்லோரும் திட்டியிருந்தார்கள், திட்டிக்கொண்டே எல்லோரும் வைத்திருந்தார்கள்.

பதிவதுதான் பெரிய கூத்து. கூடவே வாங்கிய கேபிளுக்குள் இருந்த சில்லு போலி. கணினி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழைய டிரைவர் மென்பொருள் ஒன்றைத் தேடிப் போட்டபிறகுதான் வழிக்கு வந்தது. பிறகு திரையில் ஒரு கட்டம் போட்ட அட்டவணை. ரிப்பீட்டர் பேசும் அலைவரிசை ஒன்று, அது கேட்கும் அலைவரிசை வேறொன்று. அதோடு, நம் குரலுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய முனகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். டோன் என்பார்கள். அது இல்லாவிட்டால் கோபுரம் வாயே திறக்காது. டோனின் எண்ணைக் கவனமாகப் பதிந்தேன். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் ‘அனுப்பு’ என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. சாவியைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிறவன் மாதிரி இரண்டு ஞாயிறு வீணாய்ப் போனது. மூன்றாவது வாரம் அதைக் கண்டுபிடித்து மாற்றினேன். பட்டனை அழுத்திவிட்டு விட்டதும் கோபுரம் ‘பீப்’ என்று பதில் சொன்னது. நான் கேஷெயைப் பிடித்துச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

கதவு திறந்துவிட்டது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. ஜெர்மனியில் எங்கள் குறி எல்லாம் ‘டி’யில்தான் ஆரம்பிக்கும். ரேடியோவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும்: ‘என்’னுக்கு நவம்பர், ‘டி’க்கு டெல்டா. உலகத்திலுள்ள அத்தனை எழுத்திலும் எனக்கு ஜென்மப் பகை அந்த எழுத்தோடுதான். ‘நவம்பர்’ வரும், ‘ஒன்பது’ வரும், பின்னால் உள்ள மூன்று எழுத்தும் வரும். வாசல்படியிலேயே விழுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் அழுத்துவேன், அடைக்கும், வெட்கத்தில் விட்டுவிடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் ஃபோல்கெர்ட் பேயைப் பற்றிப் பேசுவார்.

கடைசியில் அவர் அறிவித்தார்: “இதுக்கு ஒரு முடிவு கட்டியாச்சு. வர்ற வாரம் டோனை மாத்துறோம். புது எண் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல, நேர்ல மட்டும் சொல்வேன். டப்பா வெச்சிருக்கறவங்க டப்பாவை மீன் தொட்டியில போடலாம்.”

டோன் மாறினால் எனக்குக் கோபுரம் மூடிவிடும். எழுதிக் கேட்கலாம். ஆனால் எழுதிக் கேட்டால் ஆறு பன்தான் கிடைக்கும். டப்பாவைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

விடுதியின் பின் அறையில் கூட்டம். இந்தப் பொழுதுபோக்கில் பேரனானாலும் பேராசிரியரானாலும் ‘நீ’தான், அது ரேடியோக்காரர்கள் வழக்கம். ஃபோல்கெர்ட் பீர்க் கோப்பையோடு நின்று, மலிவுக் கருவிகளின் பாவங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். டப்பாவை மேசை மேல் வைத்தேன். நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கும்வரை அடைப்பு விடவில்லை. விட்டதும் சொன்னேன்.

“அது — பேய் இல்ல. நான்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் திக்குவது அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை ஞாயிறும் அந்த மௌனத்தைக் கேட்டிருக்கிறார்கள். பட்டன் கோளாறு என்று நினைத்தார்கள், கேபிள் கோளாறு என்று நினைத்தார்கள், சோபா என்று நினைத்தார்கள். ஓக்கோ பேச வருகிறான் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. கிண்டல்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, இதுதான் வலித்தது.

ஃபோல்கெர்ட்டின் முகம் சிவந்துபோனது. கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் தொல்லை. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார்.

“ஓக்கோ, கோவிச்சுக்காதப்பா. எனக்கு எப்படித் தெரியும்? ஆனா ஏன் இந்தக் கஷ்டம் உனக்கு? தந்தி தட்டுற மோர்ஸ் கத்துக்கோ. இல்லாட்டி கம்ப்யூட்டர்ல தட்டிவிடு, ஆஸ்திரேலியா வரைக்கும் போகும். வாயே வேணாம். நான் சொல்லித் தர்றேன்.”

“— வேணாம்.”

“சரி, குரல்லதான் பேசுவேன்னா பேசு. டப்பாவைக் கொடு, புது டோனை நானே ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தர்றேன். ஒண்ணே ஒண்ணு. வார்த்தை வரலைன்னா உடனே பட்டனை விட்டுடு. நீ அழுத்திட்டு நிக்கிற வரைக்கும் மாவட்டமே காத்திருக்கணும், இல்லையா? நியாயந்தானே?”

நீட்டிய கையில் டப்பாவை வைத்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். நியாயமும் அவர் பக்கம் கொஞ்சம் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் ஆன்டெனா கம்பத்துக்குத் துரு நீக்கிய கதையை வாராவாரம் நாங்கள் கேட்கவில்லையா? அப்போது மாவட்டம் காத்திருக்கவில்லையா?

“கை — வெக்காத,” என்றேன். “— எண்ணை மட்டும் சொல்லு. நானே போட்டுக்குவேன். — விட மாட்டேன். — காத்திருங்க.”

“ஓக்கோ, ஒரு ஒழுங்குன்னு—”

“எண்பத்தெட்டரையிலேர்ந்து நூத்தி மூணரைக்கு மாறியிருக்கு,” என்று மேசைக் கோடியிலிருந்து சத்தமாகச் சொன்னாள் வீப்கெ. தபால் வண்டி ஓட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமை வரிசையை நடத்துவதும் அவள்தான். “எழுதிக்கோ ஓக்கோ. நூத்தி மூணு புள்ளி அஞ்சு. ஃபோல்கெர்ட், நீ என்னை அப்படி முறைக்காத. உன் பீர் ஆறுது.”

“பீர் எப்படிடி ஆறும்?” என்றார் ஃபோல்கெர்ட்.

“நீ பேச ஆரம்பிச்சா எதுவும் ஆறும்.”

அறை சிரிப்பில் வெடித்தது. நான் சிரிக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை கேஷெ தேநீர் போட்டு, கல்கண்டின் மேல் ஊற்றும்போது எழும் அந்தச் சின்ன வெடிப்புச் சத்தம்கூட ரேடியோவில் போய்விடும் என்று சொல்லி, கோப்பையோடு வெளியே போய்த் தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கேபிள் இல்லாமல், டப்பாவின் பொத்தான்களாலேயே மெனுவுக்குள் போய் நூற்று மூன்று புள்ளி ஐந்தைப் போட்டேன். இந்த முறை ‘அனுப்பு’ என்ற இடத்தில்தான் போட்டேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். வரிசை ஓடி முடிந்தது. “வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு வீப்கெ பட்டனை விட்டாள்.

அழுத்தினேன். அடைத்துக்கொண்டது.

பட்டனை அழுத்தியிருக்கும்போது நமக்கு எதுவும் கேட்காது. அந்தப் பக்கம் சிரிக்கிறார்களா, திட்டுகிறார்களா, எழுந்து போய்விட்டார்களா, தெரியாது. விரல் தானாகத் தளர்ந்தது. நான் அதை இன்னும் பலமாக அழுத்தினேன். போகட்டும் மாவட்டம். நிற்கட்டும். என் மௌனத்தை அவர்கள் சோபா என்று நினைக்காமல், நான் என்று நினைத்துக் கேட்கட்டும். மூச்சு போய் வந்தது, போய் வந்தது.

“டெல்டா.”

சாதாரணமாக வந்தது அது. பின்னாலேயே நவம்பரும் ஒன்பதும் மூன்று எழுத்தும் வந்து சேர்ந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் கிடங்குக்குள் ஒரு கொக்கு புகுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். தீவன மூட்டைகளின் மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது, மேனேஜர் துடைப்பத்தோடு வந்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு இடத்தில் அடைத்தது, ஒவ்வோர் அடைப்புக்கும் நின்று, தாண்டி, மேலே போனேன். துடைப்பத்தைக் கொக்கு கவ்விய இடத்தில் மூச்சு வாங்க விரலை எடுத்தேன்.

டப்பாவில் வீப்கெயின் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓக்கோ, கேக்குதா? உன்னைக் கோபுரம் வெட்டிடுச்சு. மூணு நிமிஷத்துக்கு மேல ஒரே ஆள் பேசினா அது தானா வாயை மூடிக்கும், ஃபோல்கெர்ட்டுக்குன்னு வெச்சது. ஆடிப்போயிருப்பான் மனுஷன், முதல் தடவையா வேற ஒருத்தருக்கு அந்த வெட்டு விழுந்திருக்கு. நாங்க யாரும் குறுக்க வரல. மேனேஜர் துடைப்பத்தைத் தூக்கினாரு, அதுவரைக்கும் வந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு?”

பீப் என்றது கோபுரம். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஃபோல்கெர்ட்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே கேஷெ எழுந்து நின்று, கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டனை அழுத்தி, வாயைத் திறந்தேன். அடைத்துக்கொண்டது. விரலை எடுக்காமல், கொக்கு எப்படி நின்றது என்று அவளுக்கு ஒற்றைக்காலில் நின்று காட்டிக்கொண்டிருந்தேன்.