நாற்பத்தொரு பேருக்கும் ஒரே பதில்

அறுபது சர்வே படிவங்களையும் படித்து முடித்த இளவரசி, நம்ப முடியாமல் மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். படிப்பில் ஏஐயை நேர்மையாகப் பயன்படுத்துவது பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. கடைசிக் கேள்விக்கு நாற்பத்தொரு பேர் ஒரு புள்ளி பிசகாமல் ஒரே பதில் எழுதியிருந்தார்கள்: “இன்றைய டிஜிட்டல் யுகத்தில் வெளிப்படைத்தன்மை இன்றியமையாதது.” அவர்களில் முப்பத்தெட்டு பேர், ஏஐயைத் தொட்டதே இல்லை என்று டிக் அடித்திருந்தார்கள்.

வழிகாட்டி நடராசன் சார் படிவங்களைத் தள்ளிவைத்தார். “எல்லாம் பாழ்மா. திங்கக்கிழம வைவா. இத எடுத்துக்கினு போனா அடுத்த வருஷம் வாம்பாங்க.”

அடுத்த வருடம் என்றால், கிடைத்திருக்கும் பி.எட். இடம் கைநழுவிப்போகும்.

மாலை, விழுப்புரத்தில் ஏறிய பாசஞ்சர் ரயிலில், படிவம் நிரப்பியவர்களில் ஒருத்தியான தோழி அஸ்வினியைப் பிடித்தாள். “ஏன்டி பொய் டிக் அடிச்ச?”

“நம்ம கிளாஸ் பிரவீன்குமார் ஏஐகிட்ட பதில் வாங்கி வாட்சப் குரூப்ல போட்டான். எல்லாரும் அதையே எழுதினோம். படிவத்து மேல ரோல் நம்பர் கேட்டுக்கினு உண்மையச் சொல்லுன்னா? டிபார்ட்மென்ட்டுக்குத் தெரிஞ்சா பேஜாரு. நீ ஆராய்ச்சி பண்றியா, ஆளப் புடிக்கிறியா?”

இளவரசிக்குச் சுருக்கென்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தத் தாளானாலும் மூலையில் எண் போட்டுப் பழகியவள். கேட்பது தப்பென்றே தோன்றியிருக்கவில்லை.

அங்கேயே நோட்டைக் கிழித்துச் சீட்டுகளாக்கினாள். பேர் வேண்டாம், எண் வேண்டாம், செல்போன் பையில் இருக்கட்டும். திண்டிவனம் வருவதற்குள் அதே கேள்விகளுக்குப் பேனாவால் எழுதி, மடித்து, அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் போட்டால் போதும். அந்த அறுபது பேரில் அதே ரயிலில் போகிறவர்களிடமிருந்து மூன்று மாலைகளில் ஐம்பத்திரண்டு சீட்டுகள் சேர்ந்தன.

திங்கட்கிழமை, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வந்த இருதயமேரி மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “மொத சர்வே பாழாப்போச்சுன்னு ஆய்வேட்டுல நீங்களே எழுதியிருக்கீங்க. மறைச்சிருக்கலாமே?”

“மறைச்சா நானும் அந்த முப்பத்தெட்டு பேர்ல ஒருத்திதான் மேடம். நம்பர் கேட்டப்ப பொய் சொன்னாங்க. கேக்காதப்ப, அம்பத்திரண்டுல நாப்பத்தொம்பது பேர் ஏஐ தொட்டிருக்கோம்னு எழுதினாங்க. நேர்மை இல்லாம இல்ல மேடம், பயம்.”

“சீட்டுல என்ன எழுதியிருக்காங்க? படிங்க.”

“‘புரியாதத அதுகிட்ட கேப்பேன். விடையவே வாங்கினா எக்ஸாம்ல நான்தான் முழிக்கணும்.’” அடுத்ததைப் பிரித்தவள் தயங்கினாள். “‘அசைன்மென்ட்ட சாரு படிக்கறதே இல்ல. நான் மட்டும் ஏன் எழுதணும்?’”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடராசன் சார் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “இதுல எந்த டிஜிட்டல் யுகமும் இல்ல. நீங்க கேட்ட விதம் தப்புன்னு கண்டுபுடிச்சீங்க பாருங்க, அதான்மா ஆய்வு.” மதிப்பெண் தாளை நிரப்பி நடராசன் சார் பக்கம் திருப்பினார். தொண்ணூற்றாறு.

வராந்தாவில் அஸ்வினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். “என்னடி ஆச்சு?”

“பி.எட். போறேன்டி,” என்றாள் இளவரசி.